உள்ளோதம் பார்க்க ஜேசனா, ஸ்வாட்டா? இரண்டையும் புழங்கிய அனுபவம்

உள்ளோதம் என்றால் ஓதத்தால் கடலுக்குள்ளே நீரடுக்குகளுக்கு இடையே எழும் அலை. அதைப் பார்க்க, கடல்மட்ட உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள்களில் புதிதான ஸ்வாட் வந்த பிறகும் பழைய ஜேசன் வரிசையின் டேட்டாவை யாராவது தொடுவார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில் இது.

முதலில் எரிச்சல். 1992-இல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் தொடங்கி ஜேசன் வரிசை, இன்றைய சென்டினல்-6 வரை எல்லாம் ஒரே இடத்துக்குத் திரும்பி வர 9.9156 நாள் ஆகிறது. நிலவின் முக்கிய ஓதமோ 12.42 மணிக்கு ஒருமுறை ஏறி இறங்குவது. இவ்வளவு இடைவெளி விட்டுப் பார்ப்பதால் டேட்டாவில் அது 62 நாள் ஏற்ற இறக்கமாக வேடம் போட்டு வருகிறது. கடல் சுழல்களும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் நகரும். ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோ நீரோட்டத்தின் பக்கம் போனால் எது ஓதம், எது சுழல் என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை வரும் கே1 ஓதம் இன்னும் மோசம். 173 நாளாகத் தெரியும் அதை அரையாண்டுப் பருவ மாற்றத்திலிருந்து பிரிக்கவே 9 வருட டேட்டா வேண்டும்!

சரி, நியாயமும் பேச வேண்டும். ஆழத்தில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் சேரும் அடுக்கு பல பத்து மீட்டர் எழுந்து விழுந்தாலும் மேற்பரப்பில் தெரிவது சில சென்டிமீட்டர்தான். அதை 1336 கி.மீ. உயரத்திலிருந்து பிடித்த கருவி இது. ஹவாயின் கடலடி மலைத்தொடரிலிருந்து அந்த அலைகள் ஆயிரம் கி.மீ.க்கும் அப்பால் போவதை ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ரேயும் கேரி மிட்சமும் 1996-இல் இதை வைத்துத்தான் காட்டினார்கள்.

ஸ்வாட் அழகு. ஜேசனில் தடத்துக்குக் கீழே ஒரே கோடு. அலை சாய்வாகக் குறுக்கிட்டால் அலைநீளம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். ஸ்வாட்டில் இருபுறமும் 50 கி.மீ. அகலத்துக்குப் படமே வருகிறது, அலைமுகடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. 2023-இல் சில மாதம் தினமும் அதே தடத்தில் பறந்தபோது எடுத்த டேட்டாவைப் பார்த்தால் ஆசை அடங்காது. அப்புறம்? 21 நாளுக்கு ஒருமுறை. ஜேசனைத் திட்டியதெல்லாம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

இவ்வளவு புலம்பிவிட்டும் சொல்கிறேன், ஜேசனிலேயே தொடங்குங்கள். முப்பது வருடத் தொடர்ச்சி வேறெங்கும் கிடைக்காது. ஒன்று மட்டும்: தயார்நிலைக் கோப்புகள் சிலவற்றில் உள்ளோதத்தைக் கணினி மாதிரி வைத்து முன்பே கழித்திருப்பார்கள். கழித்த டேட்டாவில் அலையைத் தேடி உட்காராதீர்கள்.