விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் மூன்றும் ஒரே நாளில் என்று யாராவது விற்றால்

ஊரிலிருந்து அப்பா அம்மாவை லண்டனுக்கு வரவழைத்திருப்பவர்கள் டூர் டிக்கெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 177 பவுண்டு கட்டி ஏமாந்த கதை. அதற்கு மேல் கையிலிருந்து ரொக்கமாகப் போனது தனி.

அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 67. அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வரும் முன்பே ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டம் பற்றி யூடியூபில் பார்த்துத் தள்ளியிருந்தார். பெரிய கற்கள் சராசரியாக 25 டன் வரும். மேலே படுக்கவைத்த கல் நழுவாமலிருக்க, மரவேலை போலவே கல்லில் முளையும் துளையும் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். "நாலாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடிப்பா, அந்த ஜாயின்டை ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைத்தது, அதுவும் புதன்கிழமை. இணையத்தில் தேடியபோது ஆளுக்கு 59 பவுண்டில் ஒரு மினிபஸ் டூர் அகப்பட்டது. படத்தில் விண்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள், பாத் நகரத்தின் பச்சைத் தண்ணீர்க் குளம் என்று மூன்றும் இருந்தன. கீழே பொடி எழுத்தில் அனுமதிச் சீட்டு தனி என்று ஒரு வரி. அதைப் பார்த்தேன், போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

காலை 7.30க்கு ஹாமர்ஸ்மித்தில் வண்டி ஏறினோம். பதினாறு பேர். ஓட்டுநரே வழிகாட்டி, நல்ல பேச்சுக்காரர்.

விண்ட்சர் வாசலில் இறக்கிவிட்டு, "இன்று மன்னர் உள்ளே இருக்கிறார், அதனால் யாரையும் விடமாட்டார்கள், வெளியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்லோரும் ஆர்வமாகப் படம் எடுத்தார்கள். நானும்தான். பத்தடி நடந்ததும் ஒரு பலகை கண்ணில் பட்டது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் பார்வையாளர்களுக்குக் கோட்டை கிடையாது என்று போட்டிருந்தது. அதாவது எங்களுக்குப் புதன்கிழமைக்கு டிக்கெட் விற்றபோதே உள்ளே போக முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். மன்னர் இருந்தால் வட்டக் கோபுரத்தில் அரச கொடி பறக்கும், இல்லாவிட்டால் சாதாரண நாட்டுக் கொடியான யூனியன் ஜாக். அன்று பறந்தது யூனியன் ஜாக். மன்னரையும் இந்தப் பொய்க்குள் இழுத்துவிட்டார் மனிதர்.

ஸ்டோன்ஹெஞ்சில் நடந்ததைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. முறையாகப் போனால் முதலில் வரவேற்பு மையம் வரும். 2013 டிசம்பரில் திறந்தது. உள்ளே அங்கே தோண்டி எடுத்த பொருட்களுக்கு ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. அங்கிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன, கூட்டிப் போக அவர்களே பஸ் விடுகிறார்கள். எங்கள் வண்டி அந்தப் பக்கமே போகவில்லை. லார்க்ஹில் பக்கம் குண்டும் குழியுமான ஒரு மண்பாதையின் முனையில் நின்றது. "இங்கிருந்து நடந்தால் இலவசமாகவே பார்க்கலாம், உள்ளே போனாலும் இதேதான், வீணாகக் காசு கொடுக்காதீர்கள்" என்றார். அது பொதுவழிதான், யார் வேண்டுமானாலும் நடக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாதையைக் காட்டுவதற்கா 59 பவுண்டு?

போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், பார்க்கப் பத்து நிமிடம். முந்தின நாள் மழையில் பாதை முழுக்கச் சேறு. மூட்டுவலியுடன் இரண்டு குட்டையைத் தாண்டிப் பார்த்த அம்மா, "நீங்க போய்ட்டு வாங்கடா தம்பி" என்று வண்டிக்கே திரும்பிவிட்டார். வரவேற்பு மைய வழியாகப் போயிருந்தால் பஸ்ஸிலேயே கற்கள் வரை போய் இறங்கியிருக்கலாம்.

நானும் அப்பாவும் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். நிற்கும் கற்களிலேயே உயரமான ஒன்றின் உச்சியில் அந்த முளை துருத்திக்கொண்டு இருக்கும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். போனில் பெரிதாக்கிக் கொடுத்தேன், படம் கலங்கலாக வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சீட்டு வாங்கியவர்கள் கற்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். "சரி விடுப்பா, வீடியோல இதைவிட நல்லாத் தெரியுது" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

1915இல் ஏலத்தில் 6,600 பவுண்டுக்கு இந்தக் கற்களை வாங்கிய செசில் சப் என்பவர், மூன்று வருடம் கழித்து நாட்டுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். எங்கள் வழிகாட்டி அவர் கதையையும் உருக்கமாகச் சொன்னார்.

அப்புறம் பாத். ரோமானியக் குளியலகத்துக்கு "வரிசையில் நிற்க வேண்டாம், நானே சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று வண்டியிலேயே ரொக்கமாக வசூலித்தார். கவுண்டரில் போட்டிருந்த விலையைவிட ஆளுக்கு 9 பவுண்டு அதிகம். 65 வயது தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு, அதையும் கணக்கில் எடுக்கவில்லை. இது போதாதென்று விளக்கம் கேட்க ஹெட்போன் என்று 4 பவுண்டு. உள்ளே போனால் ஒலி வழிகாட்டிக் கருவியைச் சீட்டோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்! ரசீது கேட்டேன். மின்னஞ்சலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

அந்த இடத்தை நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது சாப்பாட்டையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். 46 டிகிரிச் சூட்டில் வரும் ஊற்று ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் தள்ளுகிறது. அம்மாவுக்கு ஆவி பறக்கும் அந்தத் தண்ணீரை விட்டு நகர மனமே இல்லை. ஓட்டமாக ஓடும்போது ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டோம். உள்ளே கசங்கிய காகிதம் போலச் சிறுசிறு ஈயத் தகடுகள். ரோமானியர் காலத்தில் இங்கே பொருளைப் பறிகொடுத்தவர்கள், திருடனுக்கு இன்ன கேடு வரட்டும் என்று கீறிச் சுலிஸ் மினர்வா என்ற தேவியின் ஊற்றில் போட்டவை. ஏறக்குறைய 130 கிடைத்திருக்கின்றன. டொசிமெடிஸ் என்று ஒருவர், இரண்டு கையுறை தொலைந்ததற்கு, எடுத்தவனின் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்.

அம்மாவுக்கு இதைச் சொன்னதும் முகமே மாறிவிட்டது. "நம்ம கொல்லங்குடி காளியம்மன் கோயில்ல காசு வெட்டிப் போடுற மாதிரியாடா?" என்றார். எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். அதேதான் அம்மா என்றேன்.

திரும்பி வரும்போது அடுத்த நாளைக்குப் பிரிட்டிஷ் மியூசியம் "விரைவு நுழைவு" என்று ஆளுக்கு 12 பவுண்டுக்கு ஒரு சீட்டை நீட்டினார். பின்சீட்டில் இருந்த ஒரு குடும்பம் பர்ஸைத் திறந்துவிட்டது. பொறுக்க முடியாமல் சத்தமாகவே சொன்னேன்: அங்கே நிரந்தரக் காட்சிக் கூடங்களுக்குக் கட்டணமே கிடையாது, நேரம் குறித்த சீட்டுகூட மியூசியத்தின் தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். கண்ணாடி வழியே என்னை ஒரு முறை முறைத்தார் பாருங்கள். ஹாமர்ஸ்மித் வரும்வரை பாட்டுதான், பேச்சே இல்லை.

மறுநாளே நிறுவனத்துக்கு எழுதினேன். "கோட்டையின் வெளிப்புறக் காட்சி என்றுதான் விளம்பரத்தில் உள்ளது" என்று பதில் வந்தது. பக்கத்தைப் போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. நான் வாங்கியபோது அந்த "வெளிப்புற" என்ற சொல் கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதது என் மடத்தனம். டெபிட் கார்டில் கட்டியதால், பணத்தைத் திருப்பி வாங்கித் தரும்படி வங்கியில் சார்ஜ்பேக் கேட்டேன், ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் பிரிவில் புகார் பதிந்திருக்கிறேன், அவர்கள் வழியாக வணிக மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் போகும்.

அப்பாவை அடுத்த மாதம் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் சால்ஸ்பரி கூட்டிப் போகிறேன். ஒன்றரை மணி நேரப் பயணம், ஸ்டேஷனிலிருந்தே ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பஸ் இருக்கிறது. சீட்டை முன்கூட்டி இணையத்தில் எடுத்தால் விலையும் குறைவு. பாத்துக்குப் பாடிங்டனிலிருந்து நேர் ரயில் உண்டு, அது வேறொரு நாள். விண்ட்சர் வியாழக்கிழமை.

அம்மா ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் கொல்லங்குடிக்குப் போகப் போகிறாராம். அந்த ஆள் பெயர்கூட நமக்குத் தெரியாதே என்றேன்.

"பேரு எதுக்குடா, வண்டி நம்பரைத்தான் எழுதி வச்சிருக்கேனே."