பாசாவிலிருந்து புடாபெஸ்ட்: மூன்று வருஷம் கழித்து ஒரு கணக்கு

டான்யூப் ஆற்றை ஒட்டி ஜெர்மனியின் பாசாவில் தொடங்கி ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என நாலு நாடு, 9 நாள், சைக்கிளில் நானும் என் நண்பனும். போய்வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஊர் சுற்றிய கதையை விட, சைக்கிளும் பைகளும் எப்படித் தாங்கின என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன், அதே சைக்கிளைத்தான் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வழியைப் பற்றிக் கொஞ்சம். யூரோவேலோ 6 என்பது பிரான்சின் அட்லாண்டிக் கரையிலிருந்து ருமேனியாவின் கருங்கடல் கரைவரை போகும் பாதை, நாங்கள் போனது அதில் ஒரு துண்டு. ஆறு இறங்கும் திசையிலேயே போவதால் ஏற்றம் என்று பெரிதாக எதுவும் இல்லை. எழுபது தாண்டியவர்கள் எங்களைச் சர்வசாதாரணமாக முந்திப் போனார்கள், அதில் பாதிப் பேர் மின்சார சைக்கிள் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டோம். மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே வாஹாவ் பள்ளத்தாக்கில் மட்டும் அவசரப்படாதீர்கள், திராட்சைத் தோட்டங்களை உரசிக்கொண்டு போகிற பாதை அது.

ஆற்றோரத்தில் கிலோமீட்டர் பலகைகள் உண்டு. கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து எண்ணுவதால் நாம் போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். பாசாவில் 2,226, புடாபெஸ்டில் 1,647. கழித்தால் 579. எங்கள் மீட்டரோ 671 காட்டியது. வழி தவறியது, காபிக்கு ஊருக்குள் நுழைந்தது, தங்க இடம் தேடி அலைந்தது எல்லாம் அதில் அடக்கம்.

வியன்னாவைத் தாண்டியதும் வேறு கதை. கரைமேட்டின் மேல் கோடு போட்டது மாதிரி நேர்ப்பாதை, நிழலே கிடையாது, வழக்கமாக மேற்கிலிருந்து முதுகில் தள்ளும் காற்று அன்று பார்த்து எதிரே அடித்தது. முறை வைத்து ஒருவர் பின்னால் ஒருவர் போனோம். "மச்சான், நீ முன்னாடி போனா காத்தே தெரியல" என்றான். அவன் பின்னால் போய் எனக்கு ஒரு பயனும் இல்லை, அவன் உடம்பு வாகு அப்படி.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சுமை முழுவதையும் பின் கேரியரிலேயே ஏற்றியிருந்தேன், கிட்டத்தட்ட 19 கிலோ. ஹங்கேரியில் கோமாரோமுக்குச் சற்று முன்னால் 'டிங்' என்று ஒரு சத்தம், அப்புறம் பின் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக்கில் உரச ஆரம்பித்தது. பல்சக்கரம் இருக்கிற வலப்பக்கத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்திருந்தது. அந்தப் பக்கக் கம்பிகள் எப்போதும் கூடுதல் விறைப்பில் இருக்கும், அதனால் அறுந்தால் பெரும்பாலும் அங்கேதான் அறுந்துபோகும். உபரிக் கம்பி இரண்டைப் பெருமையாகச் சட்டத்தில் டேப் ஒட்டி வைத்திருந்தேன், ஆனால் பல்சக்கரத்தைக் கழற்றாமல் புதுக் கம்பியை உள்ளே விடவே முடியாது, கழற்றும் கருவி எங்களிடம் இல்லை. கம்பி இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பிரேக்கைத் தளர்த்தி, பைகளை அவன் சைக்கிளுக்கு மாற்றி உருட்டிக்கொண்டு போனால் கடை பூட்டியிருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். 1920-க்குப் பிறகு ஆறே எல்லையாகி இரண்டாகப் பிரிந்த ஊர் அது, அக்கரை ஸ்லோவாக்கியா. ஒரு கம்பி மாட்ட நாடு விட்டு நாடு போனோம். அந்த மனிதர் பத்தே நிமிடத்தில் கம்பி மாட்டி, பெண்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அங்கே யூரோ, திரும்பி இக்கரை வந்தால் ஃபோரின்ட். ஒரு ஷெங்கன் விசா நாலு நாட்டுக்கும் போதும், பாலத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவ்வப்போது சோதனையைத் திரும்பக் கொண்டுவருவது உண்டு, பாஸ்போர்ட்டைப் பையின் அடியில் புதைக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் முன் கேரியர் போட்டேன். சுமையைப் பிரித்து வைத்த பிறகு 7,000 கி.மீ. ஓடியிருக்கிறேன், ஒரு கம்பியும் அறுந்ததில்லை. ஹேண்டில் கொஞ்சம் மந்தமாகத் திரும்பும், பழகிவிடும்.

டயர் ஷ்வால்பே மாரத்தான். கனம்தான், ஆனால் அந்த 9 நாளில் ஒரு பஞ்சர்கூட இல்லை, பின் டயரை இந்த வருஷம்தான் மாற்றினேன். வாயைச் சுருட்டி மூடும் பைகளுக்குள் இதுவரை ஒரு சொட்டு மழைத் தண்ணீர் போனதில்லை. கேரியரில் உரசிய இடத்தில் மட்டும் ஒன்று ஓட்டையாகி, ட்யூப் பஞ்சர் ஒட்டும் ரப்பரையே வெட்டி ஒட்டினேன், அது பாட்டுக்கு இருக்கிறது.

நண்பனுக்குத்தான் சீட் சரிப்படவில்லை. மெத்தென்று இருக்கிறதே என்று ஜெல் சீட் வாங்கினான், அரை நாளுக்கு மேல் உட்கார்ந்தால் எலும்பு உள்ளே அமுங்கி, அமுங்கக்கூடாத இடமெல்லாம் அமுங்கும். எஸ்டெர்கோமிலிருந்து பாதி நேரம் நின்றுகொண்டே மிதித்தான். இப்போது கெட்டியான தோல் சீட், புகாரே இல்லை. அந்த ஜெல் சீட் என் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது, வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.