முன்பின் தெரியாதவர்களோடு 14 வருட அரசியல் சண்டை: ஒரு பயன்பாட்டு அனுபவம்

2013 ஏப்ரலில் ஒரு ராத்திரி, இரண்டு வருடமாக இணையத்தில் நான் எழுதிய பதில்களைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தேன். "90 சதவீதம்" என்று எதிலெல்லாம் எழுதியிருந்தேனோ அதெல்லாம் போயாக வேண்டும். முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் போட்டார். அதில் நான் அவரிடம் கேட்டிருந்தது: "ஹார்வர்டு பேராசிரியருக்கே நீங்க பாடம் எடுப்பீங்களா சார்?"

விஷயம் இதுதான். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் ஜிடிபியில், அதாவது நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில், 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி படுத்துவிடுகிறது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தரவில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. அரசுகள் செலவைச் சுருக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். நானும்தான். கட்டுரையை நான் படிக்கவில்லை. அதைப் பற்றி வந்த செய்தியைப் படித்திருந்தேன். அதிலும் பாதிதான்.

ஸ்க்ரீன்ஷாட் போட்டவர் என்னைவிட வயதில் மூத்தவர். முதல் நாளிலிருந்தே "தம்பி" என்றுதான் கூப்பிடுவார், எவ்வளவு சூடானாலும். அவர் கேட்டிருந்தது ஒரே கேள்வி: "எத்தன நாடு, எத்தன வருஷம், சராசரி எப்படிப் போட்டாங்க தம்பி?" அதற்குத்தான் என்னுடைய அந்த நக்கல்.

நான் அழிக்க உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ஏப்ரலில் வெளிவந்த ஒரு சங்கதி. மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கட்டுரையின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். விடை வரவில்லை. கட்டுரையாளர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் ஃபார்முலா 20 வரிசையில் 15-ஐத்தான் பிடித்திருந்தது. ஐந்து நாடுகள் வெளியே நின்றன. செய்திகளில் இந்த எக்செல் தவறுதான் பெரிதாக ஓடியது, ஆனால் பெரிய ஓட்டை வேறு. 90-ஐத் தாண்டியிருந்த பிரிட்டனின் 19 வருடங்களுக்கும் நியூசிலாந்தின் ஒரே ஒரு மோசமான வருடத்துக்கும் சமமான எடை கொடுத்துச் சராசரி போட்டிருந்தார்கள். ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் திரும்பக் கணக்கிட்டபோது மைனஸ் 0.1 இருந்த இடத்தில் 2.2 வந்தது. கட்டுரையாளர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள்; கடன் கூடினால் வளர்ச்சி குறைவாக இருக்கிறது என்ற தங்கள் பொதுவான முடிவு நிற்கிறது என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. வளர்ச்சி குறைவுதான், ஆனால் 90-இல் நான் காட்டிய அந்தப் பாதாளம் இல்லை.

சராசரி எப்படிப் போட்டாங்க? அவர் கேட்டதும் அதுதான், மாணவர் பிடித்ததும் அதுதான். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று கேட்டேன். "எனக்கு எங்க தெரியும், தெரியாமத்தான கேட்டேன்" என்றார்.

இந்த 14 வருடத்தில் நான் ஒருவரைக்கூட அணி மாற்றியதில்லை. என்னையும் யாரும் மாற்றவில்லை. அப்படியானால் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டால், என் பக்கத்து ஆட்கள் நான் எழுதுவதைப் படிப்பதே இல்லை, லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர்தான் காற்புள்ளிகூட விடாமல் படிப்பார். ஓட்டை கண்டுபிடிக்கும் வெறியோடு ஒருவர் உங்களை வரிவரியாகப் படிப்பது லேசில் கிடைக்காத பாக்கியம். படிக்கிறவர் கொஞ்சம் வசைபாடவும் செய்வார், அது தனி.

2013-க்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. மசோதா பற்றிப் பேசினால் மசோதாவைத் திறப்பது. இது ஏதோ பெரிய ஒழுக்கம் போலத் தோன்றலாம், உண்மையில் பயம். திறந்த பிறகுதான் தெரிந்தது, பாதிச் சண்டை "செய்யலாம்", "செய்ய வேண்டும்" இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு தடவை ஒரு பிரிவைப் பற்றி மூன்று மணி நேரம் அடித்துக்கொண்டோம். அரசு நிவாரணம் தரப்போகிறது என்று நான், தராது என்று அவர்கள். கடைசியில் ஒருவர் அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டினார்: அரசு "வழங்கலாம்". வழங்கினாலும் சட்டம், வழங்காவிட்டாலும் சட்டம். மூன்று மணி நேரமும் இரண்டு பக்கமும் சரி. இன்னொன்று, அது வரைவுதான், நிறைவேறவே இல்லை என்பதை அதற்கும் அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தோம். செய்தித் தலைப்பில் "புதிய சட்டம்" என்றே இருந்தது.

எண்களில் இதைவிட மோசம். வரி 5 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் ஆளும் தரப்பு "1 சதவீதம்தான் ஏறியது" என்பார்கள், எதிர்த்தரப்பு "20 சதவீத உயர்வு" என்பார்கள். ஏறியது 1 சதவீதப் புள்ளி, அதாவது இரண்டு விகிதங்களின் நேர் வித்தியாசம், என்று அந்த ஒரு சொல்லைப் போட்டால் சண்டை முடிந்துவிடும். முடியக்கூடாது என்பதால் யாரும் போடமாட்டார்கள்.

வேலையின்மை விகிதம் வந்தால் இப்போதெல்லாம் நான் முதலில் அளவுகோலைத்தான் கேட்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் அந்த வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். வேலையில்லாதவர் என்று கணக்கில் வர, வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அண்மையில் தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் போகத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடித் தேடி அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர் அந்தக் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறார். ஒருவருக்குக்கூட வேலை கிடைக்காமல் விகிதம் இறங்க முடியும். இதை முதன்முதலில் எனக்கு விளக்கியவர் என்னை "சொம்பு" என்று திட்டிக்கொண்டேதான் விளக்கினார். விளக்கம் துல்லியமாக இருந்தது.

இனி குறைகள். முதல் குறை தூக்கம். "இதுக்கு மட்டும் ஒரு பதில் போட்டுட்டு வரேன்" என்று என் மனைவியிடம் சொன்ன ராத்திரிகளை எண்ணினால் வெட்கமாக இருக்கும். இரண்டாவது, "அப்போ எங்க போயிருந்தீங்க?" என்ற கேள்வி. எந்தக் கொள்கையைப் பற்றிப் பேசினாலும் மூன்றாவது பதிலுக்குள் இது வந்துவிடும். போன ஆட்சியில் இதே தப்பு நடந்தபோது நான் வாய்திறந்ததற்கு ஆதாரம் தேடிப் பழைய பதிவுகளுக்குள் ஒரு மணி நேரம் அலைந்திருக்கிறேன். கண்டுபிடித்தும் போட்டேன். "சரி, அதுக்கும் முன்னாடி?" என்றார்கள். அன்றோடு அந்தத் தேடலை விட்டுவிட்டேன்.

மூன்றாவது குறையில் நானும் சரி, நீங்களும் சரி, தப்ப முடியாது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2018-இல் சயின்ஸ் இதழில் வந்தது. பொய்ச் செய்திகள் மறுபகிர்வாக உண்மையைவிட 70 சதவீதம் அதிக வாய்ப்பு என்றது. ஆளில்லாமல் தானாக இயங்கும் 'பாட்' கணக்குகளின் வேலை என்று பழிபோடலாமா என்றால், அவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியது மனிதர்கள், புதிதாகவும் அதிர்ச்சியாகவும் இருப்பதைக் கண்டதும் கை தானாகப் போகிறவர்கள். நான் பரப்பியவற்றில் எத்தனை அப்படி என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஆதாரம் காட்டினால் ஆட்கள் இன்னும் முறுக்கிக்கொள்வார்கள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆராய்ச்சியிலேயே அப்படித்தான் சொன்னார்கள்: 2010-இல் நைஹன், ரெய்ஃப்ளர் இருவரும், ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருந்தது என்ற நம்பிக்கையைத் திருத்தப் பார்த்தால் சிலரிடம் அது இன்னும் கூடியது என்று எழுதினார்கள். எனக்கு அது வசதி. "சொன்னாலும் ஏறாது" என்று சோம்பேறித்தனத்துக்கு அறிவியல் சீட்டு கிடைத்த மாதிரி. பிறகு 2019-இல் வுட், போர்ட்டர் என்ற இருவர் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்தார்கள். அந்த முறுக்கல் கிட்டத்தட்ட எங்குமே தென்படவில்லை. என் அனுபவமும் இதற்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. எண்ணைக் காட்டினால் ஒத்துக்கொள்கிறார்கள், தலைவரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "சரி, அந்தக் கணக்கு தப்புதான், ஆனா அவர் நல்லவர்." இதுவே பெரிய விஷயம்.

போனில் விவாதம் செய்வதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. கணினியில் உட்கார்ந்தால்தான் பதில். ஆவணத்தைப் பக்கத்தில் திறந்து வைக்கலாம் என்பது ஒரு காரணம், எழுந்து போய் உட்கார வேண்டும் என்ற அலுப்பிலேயே பாதி பதில்கள் எழுதப்படாமல் போகும் என்பது இன்னொன்று. குடும்பத்து குரூப்பில் வாயே திறப்பதில்லை. அங்கே தோற்றாலும் நஷ்டம், ஜெயித்தால் அதைவிட நஷ்டம்.

அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறார். போன மாதம் ஒரு துறைக்கான ஒதுக்கீடு ஒரே வருடத்தில் எப்படி எகிறியது என்று கிராஃப் போட்டேன், பெருமையாக. ராத்திரி பதினொன்றரைக்கு வந்தார். "மூணாவது அட்டவணைக்குக் கீழ அடிக்குறிப்பு பாத்தீங்களா தம்பி?"

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். வேறொரு துறையின் கீழ் இருந்த இரண்டு திட்டங்களை அந்த வருடம் இந்தத் துறைக்கு மாற்றியிருந்தார்கள். பணம் கூடவில்லை, இடம்தான் மாறியிருந்தது. இந்த முறை அழிக்கவில்லை. கிராஃபுக்கு மேலேயே "இது தப்பு, காரணம் கீழே" என்று எழுதி, அடிக்குறிப்பையும் ஒட்டிவைத்தேன்.

பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது. "நல்லது தம்பி. இப்ப நாலாவது அட்டவணைக்கு வாங்க."