மூட்டு மாற்று அறுவைக்குப் பின் பத்து நாட்கள்: ஒரு வீட்டுச் செவிலியர் சேவை

அம்மாவுக்கு வயது 68, சர்க்கரை நோயும் உண்டு. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்த நான்காம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டதால், தையல் பிரிக்கும் வரையில் பகல் நேரத்துக்கு மதுரையில் உள்ள ஒரு வீட்டுச் செவிலியர் சேவையை அமர்த்தினோம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, நாளொன்றுக்கு 1,400 ரூபாய். கட்டணம் தொடர்பான புகார் ஒன்று இன்னும் தீராததால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

‘பயிற்சி பெற்ற நர்ஸ்’ என்று சொல்லி முதலில் அனுப்பப்பட்டவர் அன்பானவர், அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டதுகூட அவர்தான். ஆனால் வலிக்கு இதமாக இருக்கும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்தார். அம்மாவுக்கும் அது சுகமாகவே இருந்தது. மூட்டு மாற்றியவர்களுக்கு அப்படி வைக்கக் கூடாது. மடங்கிய நிலையிலேயே கால் இறுகிப்போய், பிறகு முழுமையாக நீட்ட வராது. பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துச் சத்தம் போட்ட பிறகே எனக்குச் சந்தேகம் வந்தது. தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்டேன். அவரிடம் அது இல்லை. அவர் சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர். செவிலியர் செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டியது நிறுவனத்தின் குற்றமேயன்றி அவருடையது அன்று.

வாக்குவாதத்துக்குப் பின், மூன்றாம் நாள் பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் வந்தார். வந்ததும் கையைக் கழுவினார்; டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு கையிலும் மாத்திரை அட்டைகளை மறு கையிலும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டார். அறுவை மருத்துவர் எழுதியது டிரமடால் என்ற வலி மருந்தும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை. அதோடு, வீட்டில் காய்ச்சலுக்கென்று வைத்திருந்த பாராசிட்டமால் 650-ஐயும் வலி கூடும்போதெல்லாம் அம்மா விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. ஆரோக்கியமான பெரியவருக்கே பாராசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, மெலிந்த முதியவர்களுக்கு மருத்துவர்கள் அதையும் குறைத்தே தருவார்கள் என்று விளக்கியவர், தாமாக எதையும் மாற்றாமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். 650 நிறுத்தப்பட்டது. இந்த ஒரு தொலைபேசி அழைப்புக்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன்.

வலியை அவர் அளந்த விதம் தனி அழகு. அம்மாவிடம் வலிக்கிறதா என்று கேட்டால் எப்போதும் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். பூஜ்யம் முதல் பத்து வரை எண் சொல்லச் சொன்னால் விழிப்பார். செவிலியர், “பத்து ரூபாயில எத்தனை ரூபா வலிக்குதும்மா?” என்றார். அம்மா சற்று யோசித்து, “ஏழு ரூபா இருக்கும் தாயி” என்றார். அன்று முதல் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நேரம், மாத்திரை, ‘ரூபாய்’ மூன்றும் பதிவாயின. பயிற்சி நேரத்தில்தான் வலி உச்சத்துக்குப் போகிறது என்பது இரண்டே நாளில் அந்த நோட்டிலிருந்து தெரிந்தது; மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, 11 மணிப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரை தரும்படி நேரத்தை மாற்றினார். அவர் போன பிறகு இரவில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் எங்களுக்கு அந்த நோட்டே துணை.

மாத்திரைக்கு அப்பால் அவர் செய்தவை எல்லாம் எளியவை. குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்துக் காலை உயர்த்தினார். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு, துண்டில் சுற்றி, 15 நிமிடம் மட்டும் வைத்து எடுத்தார். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி மங்கியிருக்கலாம் என்பதால் இடையிடையே துண்டை விலக்கித் தோலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டார். அம்மாவோ உப்பு ஒத்தடம் கேட்டு அடம்பிடித்தார். புதுப் புண்ணும் வீக்கமும் உள்ள இடத்தில் சூடு கூடவே கூடாது என்று மறுத்த செவிலியர், படுத்தே கிடந்ததால் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு அதைக் கொடுக்கச் சம்மதித்தார். வறுத்த உப்பு முடிச்சைத் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகே அம்மாவின் மேல் வைத்தார். வைத்தியத்தில் தன் பேச்சுக்கும் இடமிருக்கிறது என்ற திருப்தியில் அம்மா அன்று ஐஸுக்கும் முரண்டு பிடிக்கவில்லை.

டிரமடால் தலைசுற்ற வைக்கும் என்பதால் குளியலறை வாசலில் கிடந்த மிதியடியை முதல் வேலையாக எடுக்கச் சொன்னார். அதில் இடறி விழ இருந்தவன் நான்தான் என்பது வேறு கதை. கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தாலோ மூச்சு வாங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்தார்.

நிறுவனத்தைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்ல இயலவில்லை. எட்டாம் நாள் செவிலியர் விடுப்பு எடுத்தபோது மாற்று ஆள் வரவில்லை. காலை 10 மணி வரை தொலைபேசியையும் எடுக்கவில்லை. உதவியாளர் வந்த இரண்டு நாளுக்கும் செவிலியருக்கான கட்டணத்தையே வசூலித்தார்கள். அமர்த்துவோர் முன்பணம் கட்டும் முன்னரே வருபவரின் பதிவு எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். செவிலியருக்கு ஐந்துக்கு ஐந்து, நிறுவனத்துக்கு இரண்டு. தையல் பிரித்த அன்று அம்மா சொன்ன கணக்கு இரண்டு ரூபாய்.