நாற்பத்தைந்து வயதில் லொறி: டிப்பரா, கொழும்பு ஓட்டமா, சொந்தப் பட்டாவா, மாதச் சம்பளமா?

எங்கள் கண்ணிவெடி அகற்றும் அணியைக் கலைத்தபோது எனக்கு வயது 44. அதற்கு முன் 11 வருடம் முகமாலைப் பக்கம் முழங்காலில் நின்று, கண்ணிவெடி தேடி மண்ணைச் சுரண்டியவன் நான். 2017 டிசம்பரில், கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் நாட்டில் கண்ணிவெடி மிச்சம் இருக்கக்கூடாது. ஊருக்கு நல்ல செய்தி. அந்த வேலையை நம்பிப் பிள்ளை வளர்த்தவனுக்கு வேறு வேலை தேட வேண்டிய செய்தி.

வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் லொறி ஓட்டப் போகச் சொன்னார்கள். வன்னியில் என் வயது ஆண்களுக்கு இயந்திரப் பழக்கம் குறைவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வளர்ந்த கூட்டம் இது. ஆனால் லொறி வேலை என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. மூன்றை நான் செய்து பார்த்தேன். நான்காவதில் தம்பி முறையான ஒருவன் நட்டப்பட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐந்தாவதைப் பற்றிக் கனடாவிலிருந்து மச்சான் வாரம் ஒருமுறை பேசுகிறார்.

கிடைக்கும் காசை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். லொறியில் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம்: ஏற்றுவதற்கு, இறக்குவதற்கு, பெர்மிட்டுக்கு, மழை விடுவதற்கு, கடை திறப்பதற்கு. அந்த நேரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். இருபது வயதுக்காரன் லொறிக்கு அடியில் பாயை விரித்து அந்த நேரத்தைத் தூங்கித் தீர்த்துவிடுவான். நமக்கு இடுப்பு விடாது.

அனுமதிப்பத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்த நிறை 3,500 கிலோவுக்குள் நிற்கும் சிறு வாகனத்துக்குக் கையில் இருக்கும் இலகு வாகன அனுமதிப்பத்திரம் போதும். அதற்கு மேல் 17,000 கிலோ வரை சி1, அதையும் தாண்டினால் சி, இழுவைப்பெட்டி பூட்டினால் சிஈ. கனரக வாகனத்துக்கு மருத்துவச் சான்றிதழோடு 4 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெள்ளெழுத்து வந்தவர்கள் பயப்பட வேண்டாம். பற்றுச்சீட்டு வாசிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் பட்ட பிறகு கண் தெளிய முன்பைவிட நேரம் எடுக்கிறது என்றால், அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த இரண்டு விநாடிக்குள் ஏ9 வீதியில் ஒரு கட்டாக்காலி மாடு குறுக்கே வந்து நின்றுவிடும்.

இனி டிப்பர், அதாவது பெட்டியை உயர்த்தி மணல் கொட்டும் லொறி. வன்னியில் கேட்டவுடன் கிடைக்கும் வேலை இது. போர் முடிந்த பிறகு வீட்டுத்திட்டம், வீதி, பாலம் என்று மணலும் கிரவலும் ஓயாமல் தேவைப்பட்டன. கூலி லோட் கணக்கு. நாலு லோட் ஓடினால் நாலு லோட்டுக்கு. மணல்மேட்டில் அரைநாள் வரிசையில் நின்று ஒரு லோட்டோடு வீடு திரும்பினால் ஒன்றுக்கு மட்டும். காத்திருப்பு முழுவதும் சாரதியின் தலையில்.

ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஈரமணலென்றால் நாலரைத் தொன் வரும். மூன்று கியூப்போடு வயல்கரை வீதியில் போகும்போது கீழே மண் இளகுவது இருக்கையிலேயே தெரியும். ஆனால் நான் பயந்தது கொட்டும் நேரத்துக்குத்தான். பெட்டி மேலே எழும்பிவிட்டது. ஈரமணல் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. பின்சக்கரம் ஒன்று, நேற்று வெட்டி மூடிய மண்ணில் நிற்கிறது. வீட்டுக்காரரோ அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கொட்டுங்கள், இன்னும் கொஞ்சம் பின்னால் வாருங்கள் என்று கையைக் காட்டுகிறார். அந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்ல வாய் வர வேண்டும். பழைய வேலை எனக்கு உதவியது இங்கேதான்: இறங்கிக் குந்தி, மண்ணைக் கையால் அழுத்திப் பார்க்காமல் பெட்டியை உயர்த்த மாட்டேன். முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும்.

மணல் ஏற்றுவதற்கும் கொண்டுபோவதற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். பெர்மிட்டைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், பொலிஸில் மாட்டுவது இன்னொருவர். நான் இருந்த இடத்தில் ஒரு லோட்டுக்கு எடுத்த பெர்மிட்டை வைத்து மூன்று லோட் ஓட்டச் சொன்னார்கள். எட்டு மாதத்தோடு விலகினேன். இருட்டில் ஆற்றுப் படுகைக்குள் இறங்கும் ஓட்டத்துக்குக் கூலி அதிகம் என்பது உண்மைதான். பொலிஸைக் கண்டால் வாகனத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓட வேண்டும் என்பதும் உண்மை. 45 வயதில் எதற்கு ஓட்டப்பந்தயம்?

அடுத்துச் சேர்ந்தது கொழும்பு லொறியில். மூன்றிலும் நல்ல காசு இதில்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளிநொச்சியிலிருந்து கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர். போகும்போது நெல், தேங்காய், வாழைக்குலை; வரும்போது சீமெந்து, மா, சீனி. பின்னேரம் ஏற்றித் தறப்பாள் கட்டி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு புறப்பட்டால், மதவாச்சி தாண்டி அநுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாக விடியுமுன் கொழும்பின் சந்தைப் பகுதியான புறக்கோட்டை. அங்கே சுமை தூக்கும் நாட்டாமைகள் இறக்கி முடிக்கும்வரை ஒரு காத்திருப்பு. திரும்பும் லோட் கிடைக்கும்வரை இன்னொரு காத்திருப்பு; அது ஒருநாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். சாப்பாட்டுக் காசு மட்டும் தருவார்கள். சிங்களம் பேச வராவிட்டால் கடைசியாக இறக்கப்படும் லொறி உங்களுடையதாகத்தான் இருக்கும். இளம் சாரதிகள் மூன்று மாதத்தில் மொழியைப் பிடித்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு வருடமாகியும் எண்களும் வசவுகளும்தான் வந்தன.

தூக்கம்தான் என்னை இந்த வேலையிலிருந்து இறக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். நாம் கண் சொருகும்வரை ஓட்டுகிறோம். ஒருநாள் அதிகாலை புத்தளத்துக்கு முன்னால், இடப்பக்கச் சக்கரம் வீதியோரச் சரளையில் இறங்கிக் கரகரத்த சத்தமும், உதவிக்கு வரும் கிளீனர் பையன் “அண்ணை!” என்று கத்திய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. நான் கண்ணை மூடியதே எனக்குத் தெரியாது. ஓரமாக நிறுத்தி முகம் கழுவினோம். அவன் எதுவும் பேசாமல் தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வயது 22.

சொந்த வாகனம் என்றால் கேட்கவே இனிக்கும். தமிழ்நாட்டு வாசகர்கள் பட்டா என்றதும் காணிப் பத்திரத்தை நினைத்துவிடக் கூடாது. இங்கே அது டாட்டா ஏஸ் என்ற குட்டி லொறி. தம்பி 2019இல் லீசிங்கில் ஒன்று எடுத்தான். முதல் வருடம் மரக்கறி, தளபாடம், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி என்று வாடகை ஓட்டத்துக்குக் குறைவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. அந்த நேரம் விற்றிருந்தால் தப்பியிருப்பான், மனம் வரவில்லை. 2022 தொடங்கும்போது ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா, ஜூன் முடியும்போது 460. விலையைவிட வரிசைதான் அவனை முறித்தது. வாகனம் எரிபொருள் நிலையத்தின் முன் நின்றது, லீசிங் தவணை நிற்கவில்லை. சொந்த வாகனத்தில் சாரதியின் காத்திருப்போடு இரும்பின் காத்திருப்புக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும். கையில் முழுக்காசு இருந்து, தவணை இல்லாமல் வாங்க முடிந்தவர்களுக்கு என் கருத்து வேறு. அப்படிப்பட்டவர்கள் இந்த வேலைக்கு வருவது அபூர்வம்.

கனடாக் கதையும் கேட்டுவிடுங்கள். ஒன்ராறியோவில் பெரிய இழுவை லொறிக்கு ஏஇசட் அனுமதிப்பத்திரம். 2017 ஜூலையிலிருந்து குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். மச்சான் 49 வயதில் அதை முடித்தார். ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்ட முடியாது. மின்னணுக் கருவி கணக்கு வைக்கிறது. ஆனால் அவருக்குக் கூலி மைல் கணக்கில். கிடங்கு வாசலில் நிற்கும் நேரம் அங்கேயும் பெரும்பாலும் அவர் தலையில்தான். அங்கே குடியிருப்பவருக்கு நல்ல தொழில். இங்கிருந்து நேரே போய் ஏறலாம் என்று முகவர் எவராவது காசு கேட்டால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் செய்வது விநியோக லொறி. பிஸ்கட்டும் சவர்க்காரமும் ஏற்றிப் பரந்தனில் ஏ35 வீதியில் திரும்பி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கடை கடையாக இறக்குவது. கொழும்பு ஓட்டத்தில் கிடைத்ததோடு பார்த்தால் சம்பளம் கையைக் கடிக்கும். பெட்டி தூக்க வேண்டும். கணக்கில் ஒரு பெட்டி குறைந்தால் முகம் சுளிப்பார்கள். மாசியில் வீதியின் பாதியில் நெல் காயும். மீதிப் பாதியில் ஊர்ந்து போக வேண்டும். ஆனால் அப்படி ஊர்ந்தாலும் சம்பளம் அதேதான். ஊழியர் சேமலாப நிதிக்கு என் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம் கட்டுகிறார்கள். ஆணுக்கு 55 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். 47இல் தொடங்கியவனுக்கு 8 வருடம். பெரிய தொகை ஆகாது. டிப்பரில் அதுவும் இருக்கவில்லை. இரவு என் பாயில் படுக்கிறேன்.

பிள்ளையின் படிப்புக்கு இரண்டு வருடத்துக்குள் காசு புரட்ட வேண்டியவருக்கு நான் கொழும்பு லொறியைத்தான் சொல்வேன், கூடவே பேசிக்கொண்டு வரும் ஒரு கிளீனரோடு. மற்ற எல்லோருக்கும் விநியோக லொறி. டிப்பரில் சேர்வதானால், லோட்டுக்கு ஒரு பெர்மிட் கொடுப்பாரா என்று முதலாளியிடம் முதல்நாளே கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

போன கிழமை விசுவமடுவில் ஒரு கடை திறக்கும்வரை நின்றுகொண்டிருந்தபோது மச்சான் அழைத்தார். அவர் ஏதோ ஒரு கிடங்கு வாசலில் மூன்றாவது மணித்தியாலமாக நிற்கிறாராம். அரைமணித்தியாலம் பேசினோம். கடைக்காரர் வந்து பலகையைக் கழற்றத் தொடங்கியதும் நான் தொலைபேசியை வைத்தேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.