ஆள் எலியானால் மீதி எடை எங்கே? டீப் ஸ்பேஸ் நைன் டிவிடி பெட்டி

பொள்ளாச்சியில் ஒரு பழைய டிவிடி கடையில் ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரின் ஏழு சீசனும் அடங்கிய பெட்டியைப் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்து பிளேயரில் போட்டால் ஓடவில்லை. டிவிடிகளுக்கு எந்த நாட்டில் ஓடும் என்று ரீஜன் எண் உண்டு; இந்த டிஸ்க் ரீஜன் 2, நம் பிளேயர் ரீஜன் 5. கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாங்குகிறவர்கள் அட்டையின் பின்பக்கம் உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணை முதலில் பாருங்கள். நாங்கள் லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளைப் போட்டுத்தான் பார்க்கிறோம். தமிழ் சப்டைட்டில் இல்லை, ஆங்கிலத்தில் உண்டு.

நான் வாங்கியதே ஓடோவுக்காகத்தான். 1993 முதல் 1999 வரை வந்த தொடர் இது. விண்வெளி நிலையத்தின் காவல் அதிகாரியான ஓடோ உண்மையில் ஒரு திரவம், எந்த உருவமும் எடுப்பார். தொடக்கத்திலேயே அவர் எலியாக மாறி ஒட்டுக்கேட்கிற காட்சி வரும். என் மகள் உடனே கேட்டாள்: “அப்பா, மீதி ஒடம்பு எங்க போச்சு?”

சரி என்று இருவரும் நோட்டு எடுத்துக் கணக்குப் போட்டோம். ஓடோவின் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 70 கிலோவும் கால் லிட்டர் அளவுள்ள எலிக்குள்ளேயே இருந்தால் அதன் அடர்த்தி தங்கத்தைப்போல 14 மடங்கு, அந்தக் குட்டிக் கால்களில் ஒரு ஆளின் எடை முழுதும் நிற்கும். எடை ஆற்றலாக மாறியது என்றால் இன்னும் மோசம். ஒரு கிலோவே 21 மெகாடன் வெடிக்குச் சமம் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்து), 70 கிலோ என்றால் 1961-இல் சோவியத் வெடித்த மிகப்பெரிய ஹைட்ரஜன் குண்டு மாதிரி சுமார் 30. நிலையமே மிஞ்சாது.

நிஜ உயிரினங்கள் தோற்றம் மாறும்போது எடை என்ன ஆகிறது? எங்கள் முருங்கை மரத்தில் அடிக்கடி ஒரு பச்சோந்தி வரும். இலைக்கிடையில் பச்சையாக இருக்கும், கிட்டே போனால் உடம்பை ஊதிக்கொண்டு கருத்துப்போகும். மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, தோல் செல்களில் இருக்கும் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடக் கூட நிறம் பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்பு பக்கம் நகர்கிறது என்று காட்டியது. ஆக்டோபஸ் நிறத்தோடு தோலையும் முள்ளுமுள்ளாக எழுப்பிப் பாறை மாதிரி ஆகிவிடும். ஆனால் இரண்டிலும் மாறுவது தோல்தான், எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது.

தொடர் இந்த எடைக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, அது எனக்குக் குறைதான். ஆனாலும் எனக்கு இது உசத்தி. காரணம், அந்தச் சக்திக்கு வைத்திருக்கும் விலை: 16 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரவமாகி வாளிக்குள் கிடந்தே தீரவேண்டும், மனித முகம் கடைசிவரை சரியாக வராது, அதனால்தான் மூக்கும் காதும் மழுங்கி அரைகுறையாக இருக்கும். அப்புறம், மனித வேடத்தில் ஒளிந்திருக்கும் ஓடோ இனத்தாரைக் கண்டுபிடிக்கச் செய்யும் அந்த இரத்தப் பரிசோதனை! உடம்பை விட்டு வெளியே வந்த துளி உருவத்தைத் தக்கவைக்க முடியாமல் கூழாகிவிடும் என்று யோசித்தார்களே, அங்கே நான் எழுந்தே நின்றுவிட்டேன். தனியாகப் பிரிந்த துளிக்கு உருவத்தைப் பிடித்து வைக்க யார் கட்டளையிடுவது? உயிரியல் படித்தவர் கேட்கிற கேள்வி அது.

முதல் சீசன் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதிலிருந்து ஓடோவின் இனத்தார் வந்ததும் வேகம் பிடிக்கும். எங்கள் பெட்டியில் நான்காவது சீசனில் ஒரு டிஸ்க் கீறியிருக்கிறது, மாற்று தேடித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் பொள்ளாச்சி போகிறேன்.