கேம் புரோட்டோடைப் சிப்பைப் படிக்க டி48 வாங்கலாமா?

சேகா மெகா டிரைவ் கேமான சோனிக் 2-இன் முடிவுபெறாத வடிவம் (புரோட்டோடைப்) ஒன்று 1999-இல் இணையத்தில் அகப்பட்டது. கடைக்கு வந்த கேசட்டில் இல்லாத ஹிடன் பேலஸ், வுட் ஆகிய இடங்களில் அதில் ஓடிப் பார்க்க முடிந்தது. முதல் சோனிக்கின் புரோட்டோடைப் ஒன்று 2021 புத்தாண்டையொட்டி வெளியானது. 1990 டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில் காட்டிய டெமோ மட்டும் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் புரோட்டோடைப் போர்டுகளில் இருப்பவை பெரும்பாலும் கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் சிப்கள், அதாவது புற ஊதா ஒளி பட்டால் அழியும் நினைவகச் சிப்கள். அவற்றைப் படிக்கத்தான் எக்ஸ்ஜீக்கு நிறுவனத்தின் டி48 போன்ற, சிப்பில் உள்ளதைக் கணினியில் கோப்பாக எடுக்கும் பெட்டி தேவைப்படுகிறது.

பெட்டி சின்னது, யூஎஸ்பி மின்சாரமே போதும். மேலே லீவர் வைத்த 48 கால் சாக்கெட் இருக்கிறது. இதற்கு முந்தைய டிஎல்866-2 பிளஸ்ஸில் 40 கால்தான், எழுதும் வோல்டேஜும் 18-ஓடு நின்றுவிடும். இதில் 25 வரை போகலாம். ஆனால் புரோட்டோடைப்பில் நமக்கு வேலை படிப்பது மட்டும்தான். 27சி010, 020, 040 போன்ற 32 கால் சிப்களுக்குப் பழைய பெட்டியே தாராளம். அது கையில் இருப்பவர் இதற்காகச் செலவு செய்ய வேண்டாம். 42 கால் சிப் கையில் உள்ளவர், அந்த எண் மென்பொருளின் பட்டியலில் இருக்கிறதா, தனி அடாப்டர் கேட்கிறதா என்று பார்த்த பிறகே காசை எடுக்கலாம். அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலிருந்து இந்தியாவில் தடை என்பதால் உள்ளூர் விற்பனையாளர் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டை நம்பி இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே குவிந்திருக்கும் '9999 இன் 1' டிவி கேம் கேசட்டைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் சிப்பை நேராகப் போர்டில் ஒட்டி மூடிய கறுப்பு எபாக்சிப் பொட்டுதான் இருக்கும். டி48 அதைத் தொடவே முடியாது. ஈப்ராம் வேண்டுமென்றால் பழைய வீடியோ பார்லர் போர்டுகளைத் தேடலாம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் முதலில் ஜன்னலைப் பாருங்கள். ஸ்டிக்கர் உரிந்து, சிப் வெயிலில் கிடந்திருந்தால் ஆசைப்பட வேண்டாம். நேர் வெயில் சுமார் ஒரு வாரத்திலும், டியூப்லைட் வெளிச்சம் சுமார் 3 ஆண்டிலும் ஈப்ராமை அழித்துவிடும் என்று சிப் தயாரிப்பாளர்களின் டேட்டாஷீட்டே சொல்கிறது. ஸ்டிக்கர் இருந்தால் உரிக்காதீர்கள். கையால் எழுதிய தேதியும் எண்ணும் அதில்தான் இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தொல்லை கடல்காற்று. கடலூர் முதுநகர், குருசுக்குப்பம் பக்கம் அலமாரியில் கிடந்த சிப்பின் கால்கள் கறுத்திருக்கும். வெள்ளி முலாம் பூசிய கால்களைச் சுரண்டினால் ஒடியும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சாக்கெட்டில் வையுங்கள். எந்தப் பக்கம் ஒட்டி வைப்பது என்பதை மென்பொருள் படமாகவே காட்டும். தலைகீழாக வைத்தால் சிப் சூடாகி வீணாகும்.

பலரும் கவனிக்காதது மென்பொருளில் உள்ள 'செக் ஐடி' டிக். சிப்பின் அடையாளத்தைக் கேட்க இந்தப் பெட்டி ஏ9 என்ற முகவரிக் காலில் சுமார் 12 வோல்ட் செலுத்துகிறது. ஈப்ராம் அதைத் தாங்கும். ஈப்ராம் என்று நினைத்து வைத்த வேறு சிப் தாங்காமல் போகலாம். எண் சரியாகத் தெரியாத சிப்புக்கு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். கால் தொடுகிறதா என்று சோதிக்கும் 'பின் டிடெக்ட்' வசதி நன்றாகவே இருக்கிறது.

ஒரே சிப்பை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் எடுத்துத் திரும்ப வைத்துப் படித்து, கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-1 எண் மூன்றிலும் ஒன்றா என்று பாருங்கள். கோப்பின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றேயானால் மேல் முகவரிக் கால் தொடவில்லை, அல்லது சிப்பின் அளவைத் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லா பைட்டிலும் ஒரு பிட் மாறாமல் நின்றால் டேட்டா கால் ஒன்று தொடவில்லை. முழுக்க எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1) என்றால் சிப் அழிந்துவிட்டது, அல்லது சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லை. ஒவ்வொரு முறையும் சில பிட்கள் மட்டும் 0, 1 என்று தாவினால் சார்ஜ் கசிந்த சிப். சிப்புக்குக் கொடுக்கும் மின்னழுத்தமான விசிசியை 5 வோல்ட்டிலிருந்து கொஞ்சம் குறைத்துப் படித்தால் அவை பெரும்பாலும் 0-இல் நிலைக்கும்.

சோனிக் 1 அளவான 512 கேபி விளையாட்டு, இரண்டு 27சி020-இல் இரட்டை முகவரி பைட்டுகள் ஒன்றிலும் ஒற்றை முகவரி பைட்டுகள் மற்றதிலுமாக உட்காரும். 'சேகா மெகா டிரைவ்' என்ற ஆங்கிலத் தலைப்பு இரண்டையும் சேர்த்த கோப்பில் ஹெக்ஸ் (16 அடிமான எண்) 100 என்ற முகவரியில் வர வேண்டும். இரட்டை முகவரிச் சிப்பில் மட்டும் பார்த்தால் ஹெக்ஸ் 80-இல் 'எஸ், ஜி, இடைவெளி, ஈ, ஏ, டி, ஐ, ஈ' என்று தெரியும். சேர்த்தபின் எழுத்துகள் ஜோடி ஜோடியாக இடம் மாறியிருந்தால் இரண்டு கோப்புகளையும் மாற்றிச் சேருங்கள். ஹெக்ஸ் 110-இல் தேதி இருக்கும்: விற்பனைக்கு வந்த சோனிக் 1-இல் 1991 ஏப்ரல், சோனிக் 2-இல் 1992 செப்டம்பர். புரோட்டோடைப்பில் அந்தத் தேதியை நம்பிவிட வேண்டாம். பழைய விளையாட்டின் தலைப்பை அப்படியே விட்டு வேலை செய்வதும் உண்டு. ஹெக்ஸ் 18ஈ-இல் உள்ள செக்சம் (சரிபார்ப்புக் கூட்டுத்தொகை) பொருந்தாவிட்டால் டம்ப், அதாவது படித்தெடுத்த கோப்பு, கெட்டது என்றும் பொருளில்லை. பாதி வேலையில் அதை யார் சரிசெய்கிறார்கள்?

குறை என்றால், இந்தப் பெட்டியின் எக்ஸ்ஜிபுரோ மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸ்காரர்களுக்கு மினிபுரோ இருக்கிறது. விற்பனைக் கேசட்டைக் கழற்றாமல் படிக்க விரும்புபவருக்கு இது தப்பான பெட்டி. கேசட்டை அப்படியே செருகிப் படிக்கும் சானி கார்ட் ரீடர் பக்கம் போகலாம். புரோட்டோடைப் எல்லாம் சிப்பில்தான் இருக்கும் என்பதும் இல்லை. கேம் வடிவமைப்பாளர்களான ஜான் கார்மாக், டாம் ஹால் கூட்டணி 1990-இல் மாரியோ 3-ஐ பிசிக்குக் கொண்டுவந்து செய்த டெமோவை நின்டெண்டோ வேண்டாம் என்றது. அது 2021-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது ஃப்ளாப்பியில். ஃப்ளாப்பி கையில் இருப்பவர் வாங்க வேண்டியது டி48 அல்ல, ஃப்ளாப்பியைப் படிக்கும் கிரீஸ்வீசல்.